அடிபட்ட விமானம் எங்கே போய் விழுகிறது?

எங்கள் சின்னையா, அதாவது என் ஐயாவின் தம்பி, 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ரங்கூன் மொகல் தெருவில் இருந்த ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக வேலை பார்த்தவர். அந்த மாதம் 23-ஆம் தேதியும், மறுபடி 25-ஆம் தேதியும் ஜப்பானிய விமானங்கள் நகரத்தின்மீது குண்டு வீசியபோது அவருக்கு 16 வயது. ஆங்கிலேயரின் பஃபலோ விமானங்களும் அமெரிக்கத் தன்னார்வலர் படையின் பி-40 விமானங்களும் மேலே எழும்பி அவர்களை எதிர்த்ததை அவர் தெருவில் நின்றே பார்த்திருக்கிறார். பிறகு ஆயிரக்கணக்கானோரைப் போலக் காடும் மலையும் நடந்து ஊர் வந்து சேர்ந்தார். போருக்குத் தப்பி வந்தவர், அதே போருக்காக நம் செட்டிநாட்டிலேயே ஓர் ஓடுதளம் போடப்பட்டதையும் பார்த்தார். ஆனால் இவற்றையெல்லாம் அவர் தானாக எடுத்துச் சொன்னதில்லை.

2002-ஆம் ஆண்டில் ஒருநாள், காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில் நான் கணினியில் ஒரு பழைய விமானச் சண்டை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தபோது அவர் வந்து பின்னால் நின்றார். நான் சுட்டேன். எதிரி விமானம் நெருப்புப் பந்தாக வெடித்துக் காணாமல் போனது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, பட்டாசு மாதிரி வெடிக்குது? அடிபட்ட ஏரோப்ளேன் அப்படி வெடிக்காதுப்பா. பொகைய விட்டுக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். எங்க போய் விழுந்துச்சுன்னு நமக்குத் தெரியாது" என்றார்.

அன்று முதல் இன்றுவரை எந்தப் போர் விமான சிமுலேட்டரை, அதாவது பறத்தலை உள்ளபடி காட்ட முயலும் கணினி விளையாட்டை, திறந்தாலும் இந்தச் சொல்லை வைத்துத்தான் அதை அளக்கிறேன். அதில் இறக்கையில் விழும் ஓட்டைகள் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருக்கின்றன, தீயின் ஒளி மேகத்தில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்பவை எனக்கு இரண்டாம் பட்சம். அடிபட்ட விமானம் அடிபட்ட பிறகும் பறந்துகொண்டே போகிறதா, போகிறதென்றால் எதனால் போகிறது, எதனால் விழுகிறது, விழப்போவது அதன் விமானிக்கு எப்போது தெரிகிறது என்பவையே எனக்கு முக்கியம். ஒரு சிமுலேட்டரின் சேத மாதிரியில், அதாவது டேமேஜ் மாடலில், உண்மைத்தன்மை இருக்கிறதா என்பது இந்தக் கேள்விகளில்தான் தெரியும்.

சின்னையா பார்த்த அந்தப் பழைய விளையாட்டில் விமானம் என்பது ஓர் எண். அதன் உயிருக்கு இத்தனை புள்ளி என்று வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தோட்டாவும் அதில் கொஞ்சத்தைக் கழிக்கும். கணக்குப் பூச்சியத்துக்கு வந்ததும் வெடிப்பு. நூற்றில் தொண்ணூற்றொன்பது போன பிறகும் மிச்சமுள்ள ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அந்த விமானம் தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்ததுபோலப் பறக்கும். பின்னர் வந்த விளையாட்டுகள் விமானத்தை இறக்கை, வால், இன்ஜின், உடல் என்று பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளிகளைக் கொடுத்தன. இது முன்னேற்றம்தான் என்றாலும் அடிப்படையில் அதே கழித்தல் கணக்கு. 2001-இல் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டூர்மோவிக் எனக்குக் கிடைத்தபோதுதான் வேறொன்றைக் கண்டேன். எதிரியின் குண்டுபட்ட என் விமானம் வெடிக்கவில்லை. எண்ணெய் கசிந்து முன்கண்ணாடியில் படிந்தது, எரிபொருள் இறக்கைக்குப் பின்னால் வெள்ளைக் கோடாகப் போனது, ஒரு பக்கம் இழுத்தது. நான் வீடு திரும்ப முயன்றேன். அந்த முயற்சியில் கழிந்த பத்து நிமிடங்களைப் போல எந்த விளையாட்டும் அதுவரை என்னை உட்கார வைத்ததில்லை.

சேதம் என்பதை நேரத்தில் நிகழும் ஒன்றாக நினைத்துப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு விளங்கும். பி-51 மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். 12.7 மி.மீ. எந்திரத் துப்பாக்கித் தோட்டாவின் எடை ஏறத்தாழ 45 கிராம். அது இறக்கையின் அலுமினியத் தகட்டில் போடும் ஓட்டை விரல் நுழையும் அளவுதான். பறத்தலுக்கு அதனால் பெரிய குறை எதுவும் வராது. அதே தோட்டா விமானத்தின் வயிற்றுப் பகுதியில் இருக்கும் ரேடியேட்டரைத் துளைத்தால், அந்த நொடியில் விமானிக்கு எதுவுமே தெரியாது. குளிர்விப்பு நீர்மம் வெளியேறத் தொடங்கும். வெப்பமானியின் முள் மெல்ல ஏறி, அந்த இன்ஜினுக்கு எல்லையான 121 டிகிரியைத் தொடும். வேகத்தைக் குறைத்து, ரேடியேட்டரின் கதவை முழுதும் திறந்து, இன்ஜினை மென்மையாக ஓட்டினால் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கும் மேலே போனால் எண்ணெய் சூடாகி நீர்த்து, அதன் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் புரொபல்லரின் கோணத்தை நிர்வகிக்கும் கவர்னரும் தன் பிடியை விடும். கடைசியில் பிஸ்டன் இறுகி இன்ஜின் நிற்கும். ஓட்டை ஒன்று, விளைவு சங்கிலி. இந்தச் சங்கிலியின் கண்ணிகள் எத்தனை கணக்கிடப்பட்டிருக்கின்றன என்பதே ஒரு சேத மாதிரியின் ஆழம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கார் ஓட்டும் பலரும் அனுபவத்தில் அறிந்த ஒன்று அது. குளிர்விப்பு நீர் முழுதும் வற்றிவிட்டால், வெப்பத்தை உணரும் கருவி நீரில் மூழ்கியிராமல் வெறுங்காற்றில் நிற்கும். அப்போது முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கவும் கூடும். அதைப் பார்த்து ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்புகிற விமானிக்கு அடுத்த நிமிடம் இன்ஜின் நின்றுவிடும். ஒரு சிமுலேட்டர் இப்படி விமானியிடம் பொய் சொல்லும் கருவியையும் காட்ட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கருவி எப்போதும் உண்மையையே சொல்லுமானால் அது கணினியின் கணக்கைத் திரையில் எழுதிக் காட்டுவதே தவிர விமானத்தின் கருவியாகாது.

போர் விமானங்களின் தாங்குதிறனை ஆராயும் பொறியாளர்கள் இந்தக் கால அளவையே அடிப்படையாக வைத்துச் சேதத்தை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அடிபட்ட உடனே சிதறும் விமானம் ஒரு வகை. 30 விநாடிக்குள் கட்டுப்பாட்டை இழப்பது அடுத்தது. 5 நிமிடத்துக்குள் விழுவது இன்னொன்று. 30 நிமிடத்துக்குள் விழுவது மற்றொன்று. விழாமல், ஆனால் போன வேலையை முடிக்க முடியாமல் திரும்பி வருவதற்கும் தனி வகை உண்டு. ஒரே தோட்டா எந்த உறுப்பில் பட்டது என்பதைப் பொறுத்து இவற்றில் எதுவும் நடக்கலாம். விளையாட்டுகளோ இத்தனை வகைகளில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டன. காரணம் புரியாததல்ல. சுட்டவனுக்கு உடனே பலன் தெரிய வேண்டும். புகைவிட்டபடி மேகத்துக்குள் நழுவிய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினோமா இல்லையா என்று தெரியாமல் ஆட்டத்தை முடிக்க விளையாடுபவர் விரும்பமாட்டார்.

ஆனால் அந்தத் தெரியாமைதான் வரலாற்று உண்மை. பிரிட்டன் வான்போரின் உச்சநாளான 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, 185 ஜெர்மானிய விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக அன்று அறிவிக்கப்பட்டது. போருக்குப் பின் ஆவணங்களை ஒப்பிட்டபோது உண்மையான எண்ணிக்கை ஏறத்தாழ 60 என்று தெரிந்தது. விமானிகள் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தைப் பலர் சுட்டு, ஒவ்வொருவரும் தம் கணக்கில் எழுதிக்கொண்டது ஒரு காரணம். புகைவிட்டுக்கொண்டு கீழே பாய்ந்த விமானம் விழுந்துதான் இருக்கும் என்று உண்மையாகவே நம்பியது மற்றொரு காரணம். நம் சிமுலேட்டர்களில் எதிரி விமானம் சேதமடைந்தவுடன் திரையின் ஓரத்தில் எழுத்தில் அறிவிப்பு வந்துவிடுகிறது. நம் விமானத்தில் எந்த உறுப்புப் பழுது என்பதையும் அப்படியே எழுதிக் காட்டும் வசதி பலவற்றில் இருக்கிறது. அந்த அறிவிப்புகளை நிறுத்திவைத்து, வெளியிலிருந்து விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் காட்சியையும் நிறுத்திவிட்டு ஒருமுறை பறந்து பாருங்கள் என்று நான் நண்பர்களிடம் கேட்டுக்கொள்வதுண்டு. சேத மாதிரியில் ஒரு வரிகூட மாறாமலே அதன் உண்மைத்தன்மை இரு மடங்காகிவிடும்.

கட்டமைப்புச் சேதத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் எனக்கு எங்கள் வீட்டு உத்தரம்தான் நினைவுக்கு வருகிறது. முன்கட்டிலும் வளவிலும் பர்மாத் தேக்கு. அதற்கு ஒன்றும் ஆகாது. மூன்றாங்கட்டில் அடுப்படிக்கு மேலே மட்டும் நாட்டு மரத்தில் ஓர் உத்தரம் போட்டிருந்தார்கள். ஓடு மாற்ற வந்த ஆசாரி அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே கரையான் தின்றிருக்கிறது என்றார். வெளியே ஒரு கீறலும் இல்லை. பல ஆண்டுகளாக அது கூரையைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. "இப்ப நிக்கும் தம்பி. மழையில ஓடு நனைஞ்சு கனம் ஏறுச்சுன்னா நிக்காது" என்று சொல்லிவிட்டு முட்டுக் கொடுத்தார். இறக்கையின் நடுவே ஓடும் ஸ்பார் என்பதும் ஓர் உத்தரம்தான். அதில் குண்டு பட்டுப் பாதி அறுந்திருந்தாலும் நேராகப் பறக்கும்வரை இறக்கை நிற்கும். 4 டன் எடையுள்ள ஒரு விமானம் 6 ஜி விசையில், அதாவது தன் எடையைப்போல ஆறு மடங்கு விசையில், திரும்பும்போது அதன் இறக்கைகள் 24 டன்னைத் தாங்க வேண்டியிருக்கிறது. மழை பெய்வது அப்போதுதான். அதுவும், வளைக்கும் விசை இறக்கையின் அடிப்பகுதியில், உடலோடு சேரும் இடத்தில், மிக அதிகம்; நுனியில் மிகக் குறைவு. ஆகவே நுனியில் பட்ட பத்து அடிகளைவிட அடியில் பட்ட ஓரடி கொடியது.

இதைச் சரியாகச் செய்யும் சிமுலேட்டர்கள் இன்று உண்டு. ஐஎல்-2 தொடரின் இப்போதைய தலைமுறையில் இறக்கையில் விழும் ஒவ்வோர் அடியும் அந்த இறக்கை தாங்கக்கூடிய விசையின் வரம்பைக் குறைக்கிறது. அடிபட்டதை மறந்து கடுமையாகத் திரும்பினால் இறக்கை ஒடிகிறது. டிசிஎஸ் வேர்ல்ட் 2020-ஆம் ஆண்டில் தன் இரண்டாம் உலகப்போர் விமானங்களுக்கு ஸ்பார், குறுக்குச் சட்டங்கள், உட்கருவிகள் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிடும் புதிய சேத மாதிரியைக் கொண்டுவந்தது. இவற்றைச் செய்தவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதே சமயம் எந்தப் பொருளால் அடிபட்டது என்பதை எல்லா இடத்திலும் ஒரே தராசில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மனியின் 20 மி.மீ. சுரங்கக் குண்டு 92 கிராம் எடையில் 18 கிராம் வெடிமருந்து கொண்டது. எம்கே 108 பீரங்கியின் 30 மி.மீ. குண்டு 330 கிராம். அதில் ஏறத்தாழ கால் பங்கு வெடிமருந்து. இவை துளைப்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல. மெல்லிய எஃகுக் கூட்டுக்குள் அடைத்த வெடிமருந்து, தகடு போர்த்திய இறக்கையின் உட்புறத்தில் வெடித்து, காற்றழுத்தத்தால் தகட்டையே கிழித்தெறியும். தகடே சுமையைத் தாங்கும் விமானங்களில் தகடு போனால் உத்தரமும் போனதுபோலத்தான். மாறாக, பின்னுடலில் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய ஹரிக்கேனில் அதே வகைக் குண்டு துணியைத் துளைத்துக்கொண்டு வெடிக்காமலே மறுபக்கம் போய்விடுவதும் நடந்தது. அந்த ஹரிக்கேனுக்கே வேறோர் ஊனம்: விமானிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு பெட்ரோல் தொட்டி. ஒரே விமானம் ஓரிடத்தில் மிகப் பொறுமைசாலி, இன்னோரிடத்தில் தீப்பெட்டி. "உறுதி" என்று ஒரே எண் போட்டு இதை எப்படிச் சொல்ல முடியும்?

எரிபொருள் தொட்டியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தன்னைத்தானே மூடிக்கொள்ளும் தொட்டி என்பது மந்திரமல்ல. உள்ளே பதப்படுத்தாத ரப்பரால் ஒரு படலம் இருக்கும். தோட்டா துளைத்த வழியில் பெட்ரோல் பட்டதும் அந்த ரப்பர் ஊறிப் பெருத்து ஓட்டையை அடைக்கும். சிறு தோட்டாவுக்கு இது தாங்கும். பீரங்கிக் குண்டு தொட்டியைக் கிழித்தால் ரப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. ஜப்பானின் ஜீரோ விமானம் எடையைக் குறைப்பதற்காக இந்தப் பாதுகாப்பு இல்லாமலே போருக்கு வந்தது, எளிதில் தீப்பிடித்தது. சிமுலேட்டரில் ஜீரோ தீப்பிடிக்கும்போது அது ஆட்டத்தின் சமநிலைக்காக எழுதப்பட்ட பலவீனமா, தொட்டியின் சுவரிலிருந்து கணக்கிட்டு வந்த விளைவா என்பதைச் சில மணி நேரம் ஆடினாலே உணர்ந்துவிடலாம். முன்னதில் எங்கே சுட்டாலும் தீப்பிடிக்கும். பின்னதில், பெட்ரோல் கசிந்து ஆவியாகக் காற்றோடு கலந்த இடத்தில் தீக்குண்டு பட்டால்தான் பிடிக்கும்.

இனி, உண்மைத்தன்மையைக் கேட்கிற நம் தரப்பின் தவறு ஒன்றைப் பேச வேண்டும். ஒரு விமானம் சிமுலேட்டரில் "சீக்கிரம் விழுந்துவிடுகிறது" என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் புகைப்படங்களைக் காட்டுகிறார்கள். 1943 பிப்ரவரி 1-ஆம் தேதி துனிஸ் அருகே ஜெர்மானிய விமானம் மோதி, வாலே பிய்ந்து தொங்கிய நிலையில் திரும்பி வந்த பி-17. அதே ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி ஓர் எதிரி விமானத்தின் தோட்டாக்கள் முழுதும் தீரும்வரை சுடப்பட்டும் பறந்து வந்த ராபர்ட் ஜான்சனின் பி-47 தண்டர்போல்ட்; ஓட்டைகளை எண்ணத் தொடங்கியவர் விமானத்தைச் சுற்றிவராமலே 200-ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார். இவை உண்மை. ஆனால் இவை திரும்பி வந்த விமானங்கள். திரும்பாதவற்றை யாரும் படம் எடுக்கவில்லை.

இந்தத் தவற்றைக் கணக்கால் நிறுவியவர் ஆபிரகாம் வால்ட். போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் 1943-இல் அவர் எழுதிய குறிப்புகள் இதைப் பற்றியவை. திரும்பி வந்த விமானங்களில் எங்கே ஓட்டை அதிகமோ அங்கே கவசம் போடலாம் என்பது எளிதில் தோன்றும் எண்ணம். வால்ட் அதைத் திருப்பிப் போட்டார். எங்கே ஓட்டையே காணப்படவில்லையோ, அங்கே அடிபட்டவை திரும்பவில்லை என்பதே பொருள். திரையில் அடிக்கடி சுற்றும் சிவப்புப் புள்ளிகள் வைத்த விமானப் படம் பிற்காலத்தில் வரையப்பட்டது. அவருடைய குறிப்புகளில் இருப்பது சுத்தமான நிகழ்தகவுக் கணக்கு. முறையை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் 400 விமானங்கள் போகின்றன. 320 ஓர் அடியும் வாங்காமல் திரும்புகின்றன; 32 ஓரடியோடும், 20 இரண்டடியோடும், 4 மூன்றோடும், 2 நான்கோடும், 2 ஐந்தோடும் வருகின்றன. 20 வரவில்லை. அடிபடாத விமானம் விழாது, ஒவ்வோர் அடியும் ஒரே அளவு ஆபத்தானது என்று கொண்டு, வராத இருபதை வந்த முந்நூற்றெண்பதிலிருந்தே கணக்கிட்டு, ஓர் அடியைத் தாங்கித் தப்பும் வாய்ப்பு 0.851 என்று காட்டுகிறார். காணாமல் போனவற்றைக் கண்முன் இருப்பவற்றைக் கொண்டு எண்ணும் இந்த முறையை முதன்முறை பின்தொடர்ந்து தாளில் நானே போட்டுப் பார்த்து, விடை சரியாக வந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. "எங்க போய் விழுந்துச்சுன்னு நமக்குத் தெரியாது" என்று சின்னையா விட்ட இடத்தில்தான் வால்ட் தொடங்குகிறார்.

அந்த வால்ட், 1950 டிசம்பர் 13-ஆம் தேதி, இந்தியாவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது, மனைவியோடு வந்த ஏர் இந்தியா விமானம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதியதில் இறந்தார். விமானங்கள் எப்படித் தப்புகின்றன என்று உலகத்துக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் நம் மலையில் முடிந்தார் என்பதை நான் கல்லூரி முடித்துப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். கோத்தகிரிக்குப் போகும்போதெல்லாம் அந்த மலைமுகட்டைப் பார்த்து நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

ஆகவே, தண்டர்போல்ட் 200 ஓட்டைகளோடு பறக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கையல்ல. 200 ஓட்டைகளோடு பறக்கும் வாய்ப்பு அதற்கு இருக்க வேண்டும் என்பதே நியாயம். ஒரே மாதிரி நூறு முறை சுட்டால் நூறு முறையும் ஒரே விளைவைத் தரும் சேத மாதிரி தவறானது. விளைவுகள் எப்படிப் பரவுகின்றன என்பதைத்தான் சோதிக்க வேண்டும். சில முறை ஒரே தோட்டாவில் விழும், சில முறை எல்லாவற்றையும் தாங்கி வரும். இந்த இரு ஓரங்களையும் பொறுத்துக்கொள்ளும் மனம் விளையாடுபவருக்கும் வேண்டும். நான் விமானியாக இருக்கும்போது ஒரே தோட்டாவில் தலையில் அடிபட்டு இறந்தால், மாதிரி கெட்டுப்போயிருக்கிறது என்று கோபப்படுவது எனக்கும் இருந்த வழக்கம்தான். இப்போது அந்தக் கோபம் வருவதில்லை.

அபூர்வ ஓரங்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. 1983-இல் இஸ்ரேலில் பயிற்சியின்போது ஓர் எஃப்-15 இன்னொரு விமானத்தோடு மோதி, அதன் வலது இறக்கை ஏறக்குறைய அடியோடு போய்விட்டது. கிழிந்த இடத்திலிருந்து பீய்ச்சிய எரிபொருள் ஆவி அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்ததால், இறக்கை இல்லை என்பதே விமானிக்குத் தெரியவில்லை. வழக்கத்தைவிட மிக அதிகமான வேகத்தில் தரையிறங்கி, கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் குதித்திருப்பேன் என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த விமானம் பறந்ததற்குக் காரணம் அதன் அகன்ற உடலே வேகத்தில் தூக்குவிசையைத் தந்தது. முழு விமானத்துக்கென்று முன்கூட்டியே தயாரித்த அட்டவணையிலிருந்து காற்றுவிசையை எடுத்துக்கொள்ளும் சிமுலேட்டரில் இது ஒருபோதும் நிகழாது. இறக்கை போனால் விமானம் சுழன்று விழும் என்று அதில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். விமானத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் காற்று செய்வதைத் தனித்தனியே கணக்கிட்டால் மட்டுமே, யாரும் எழுதிவைக்காத ஒரு தப்பித்தல் தானாகப் பிறக்கும். சேத மாதிரியும் பறத்தல் மாதிரியும் ஒன்றுதான் என்று நான் நம்புவது இதனால்தான்.

ஜெட் காலத்து சிமுலேட்டர்களில் இந்தப் பகுதி இன்னும் மெலிந்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஏவுகணை பெரும்பாலும் விமானத்தைத் தொடுவதில்லை. அருகில் வெடித்துச் சிதறல்களைத் தூவுகிறது. ஒவ்வொரு சிதறலும் தனித் தோட்டா. அவற்றைக் கணக்கிடாமல், வெடிப்புக்கும் விமானத்துக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்து பிழைத்தது, இறந்தது என்று தீர்ப்பளித்தால், 1988-இல் போட்ஸ்வானா அதிபரை ஏற்றிச் சென்ற சிறு விமானம் ஏவுகணையால் ஓர் இன்ஜினையே இழந்தும் பத்திரமாகத் தரையிறங்கியதைப் போன்ற ஒன்றை எப்படிக் காட்ட முடியும்? கணினியின் வேகம் போதாது என்ற விடை சில ஆண்டுகளுக்கு முன்புவரை சரி. இன்று என் மேசைக்கடியில் இருக்கும் கணினிகூட அந்தக் கணக்கைச் செய்யும். செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் தேவை.

சென்ற மாதம் ஒரு மாலை. மின்சாரம் இருந்தது, மழை வரும்போல் இருந்தது. எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திவைத்து ஒரு மஸ்டாங்கில் பறந்தேன். மேகத்தின் விளிம்பில் எதிரி விமானம் ஒன்றை நெருங்கி இரண்டு விநாடி சுட்டேன். சில மினுக்கல்கள் தெரிந்தன. பிறகு மெல்லிய வெள்ளை நூல் ஒன்று அதன் அடியிலிருந்து வரத் தொடங்கியது. அது மேகத்துக்குள் போய்விட்டது. நான் பின்தொடரவில்லை. தரையிறங்கி, கணினி பதிவுசெய்து வைத்திருந்த பறத்தலை மீண்டும் ஓட்டி, என் விமானத்தை விட்டுவிட்டு அந்த விமானத்தோடு போனேன். அது மேகத்துக்கு மேலே ஏறவில்லை. கிழக்கே திரும்பித் தன் தளத்தை நோக்கிப் போனது. வெள்ளை நூல் நின்று, கொஞ்ச நேரம் எதுவுமில்லாமல், பிறகு கரும்புகை வந்தது. புரொபல்லர் மெதுவாகி நின்றது. பதினோராவது நிமிடத்தில், நான் சுட்ட இடத்திலிருந்து வெகு தூரத்தில், ஓர் ஆற்றங்கரையோரம் வயல் ஒன்றில் அது வயிற்றால் இறங்கிச் சறுக்கி நின்றது. வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மரங்கள் வரிசையாக நின்றன. விமானம் அவற்றுக்கு ஐம்பது அடி முன்னால் கிடந்தது.